வாத்தியார் ஓட்டிய கார்

ஞாயிற்றுக்கிழமை காலை, பிஷ்கேக் கார்ச் சந்தையில் ஷார்ஷென் மூன்றாவது தேநீரைக் கையில் எடுத்தபோது அந்தப் பெண் வந்து எதிரில் நின்றாள். ஷார்ஷென் முன்பு போலீசில் சாலை விபத்துகளை விசாரித்தவர். இப்போது பழைய கார் வாங்க வருகிறவர்களுக்கு வண்டியைப் பார்த்துச் சொல்கிறார். வாரம் தவறாமல் அதே பொய்கள். விற்கிறவன்தான் மாறுகிறான்.

“என் பேரு ஜூரா, ஆஸ்பத்திரியில நர்ஸ். ஒரு வண்டி பார்த்திருக்கேன் அண்ணே. ரொம்ப நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு” என்றாள் அவள்.

அவள் கணவன் துரட் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். இடது கால் மடங்காது, கிளட்சை மிதிக்க முடியாது. ஆட்டோமேட்டிக் கார் ஒன்று கிடைத்தால் ஊருக்குள்ளேயே டாக்சி ஓட்டிப் பிழைத்துக்கொள்வான். கையில் இருப்பது ஏழாயிரம் டாலர். நான்கு வருட உழைப்பும் ஒரு காலும் அதில் அடக்கம்.

“புது வண்டி பார்க்கலியா?”

“ஷோரூமுக்கும் போனோம். இருபதாயிரம் டாலர், அஞ்சு வருஷத் தவணை. தவணை கட்டவே அவரு ராப்பகலா ஓட்டணும். நாங்க எதைச் சாப்பிடறது? இந்த ஆளு ஆறரை ஆயிரத்துக்குத் தர்றாராம். ஆனா மதியத்துக்குள்ள சொல்லணுமாம்.”

“அவசரப்படுத்தினா கள்ளன்தான் அத்தான்!” என்று துள்ளி எழுந்தாள் கனிகே. ஷார்ஷெனின் மச்சினி. வாரநாட்களில் தையல் வேலை. ஞாயிறுகளில் பெயின்ட் கனம் அளக்கும் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் பின்னால் வந்துவிடுவாள்.

“அவசரப்படறவங்க எல்லாம் கள்ளன்னா, முதல்ல உன் அக்காவை உள்ள போடணும்” என்று முனகியபடி ஷார்ஷென் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

வெள்ளி நிறக் கார் பளபளவென்று நின்றது. அதன் பக்கத்தில், இஸ்திரி போட்ட கோட்டும் தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பியுமாக அக்மதாலி நின்றார்.

“புவியியல் வாத்தியாரா இருந்து ஓய்வு வாங்கினவன். வீடு, பள்ளிக்கூடம், காய்கறிச் சந்தை, அவ்வளவுதான். வண்டி ஊர் எல்லையைத் தாண்டினதே இல்ல. பாருங்க, எண்பத்தி நாலாயிரம் கிலோமீட்டர்” என்றார்.

கனிகே கருவியோடு வண்டியைச் சுற்றி வந்தாள். மறுபெயின்ட் அடித்த இடமே இல்லை என்றதும் அவள் முகம் தொங்கிப்போனது. ஷார்ஷென் முன் கண்ணாடியை விரலால் தடவினார். பொடிப்பொடியாகக் கல்பட்ட வடுக்கள். குனிந்து பெடல்களைப் பார்த்தார். பிரேக்கின் ரப்பர் புத்தம்புதிது. பின்சீட்டின் அடியில் கைவிட்ட கனிகே, கெட்டியான உப்புத் தயிர் உருண்டை ஒன்றை எடுத்தாள்.

“பேரன் தின்பான்” என்றார் அக்மதாலி.

ஓட்டிப் பார்க்கலாம் என்று ஏறினார்கள். ஷார்ஷென் முன்னால், பெண்கள் இருவரும் பின்னால். அக்மதாலி சாவியைப் பிடித்தபடி கூட்டத்தை எட்டிப் பார்த்தார்.

“இன்னும் ஒரு ஆள்தான்” என்றார்.

“யாரு வரணும்?” என்று கேட்டாள் கனிகே.

“ம்? என் பையன்... பரவால்ல, அவன் நடந்து வந்துருவான்.” சட்டென்று சாவியைத் திருப்பினார்.

அரை மணி ஓடித் திரும்பி வந்து நிற்கும்வரை ஷார்ஷென் காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தார். கியர் மாறுவதையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இறங்காமலே, சலிப்போடு கேட்டார்.

“மலையைத் தாண்டி ஓஷ் ஊருக்கு எத்தனை வருஷம் ஷேர் டாக்சி ஓட்டினீங்க பெரியவரே?”

அக்மதாலி ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. “என்ன சொல்றீங்க?”

“ஊருக்குள்ள மட்டும் ஓடின வண்டிக்கு இவ்வளவு கல்லடி படாது. கணவாயில முன்னால போற லாரிதான் இப்படி வாரி அடிக்கும். எண்பத்தி நாலாயிரத்துல பிரேக் ரப்பர் தேயாது, தேஞ்சதை மறைக்கத்தான் மாத்தியிருக்கீங்க. அந்த உருண்டை, கணவாய் ஏறும்போது குமட்டாம இருக்க சவாரிக்காரங்க வாயில போட்டுக்கறது. இதுக்கெல்லாம் ஏதாவது சமாதானம் சொல்லிடலாம். ஆனா நாங்க மூணு பேரும் ஏறினதும் நாலாவது ஆளைத் தேடினீங்களே! வாத்தியாருக்கு எதுக்கு நாலாவது ஆள்? நாலு சீட்டும் நிறையாம சாவியைத் திருப்பாதவன் ஓஷ் டாக்சிக்காரன் ஒருத்தன்தான்.”

“பையன்னு சொன்னாரே அத்தான்?”

“அரை மணியாச்சு. நடந்து வந்த பையன் எங்க?”

அக்மதாலி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தலை முழுக்க நரைத்திருந்தது.

“வாத்தியாராத்தான் இருந்தேன். சம்பளம் பத்தல. இதைப் புதுசா வாங்கினேன், அஞ்சு வருஷத் தவணையில. தவணை கட்ட வாரம் ஒரு நடை ஓஷுக்கு, சில வாரம் ரெண்டு நடை. கடன் தீர்ந்தப்போ வண்டியும் தீர்ந்துபோச்சு. நாலு லட்சத்துப் பன்னெண்டாயிரம் கிலோமீட்டர். போன வருஷம் இன்ஜினைப் பிரிச்சு வேலை பார்த்தேன். உண்மையைச் சொன்னா எவன் வாங்குவான்? அதான் மீட்டரைக் குறைச்சு வச்சேன்.”

“போலீசைக் கூப்பிடலாம் அத்தான்!”

“கூப்பிட்டா சந்தையே காலியாயிடும்” என்றார் ஷார்ஷென். வெற்றி பெற்றவர் குரல் இல்லை அது. பக்கத்து வரிசைகளில் ஆயிரம் கார்கள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. மீட்டர்படி எல்லாமே எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் மட்டும் ஓடியவை.

ஜூரா அழவில்லை. நோயாளியின் காய்ச்சலைக் குறித்துக்கொள்பவள்போல அந்த எண்ணை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

“கியர்பாக்ஸ் எப்படி இருக்கு அண்ணே?”

“நல்லா இருக்கு. ஊருக்குள்ள ஓட்டினா மூணு வருஷம் தாங்கும். வண்டிக்கு அடியில, சஸ்பென்ஷன்ல செலவு இருக்கு.”

“அந்த வரிசையில இருக்கறதெல்லாம்?”

“தெரியாதும்மா. இங்க முழு உண்மையும் எனக்குத் தெரிஞ்ச வண்டி இது ஒண்ணுதான்.”

அவள் அக்மதாலியிடம் திரும்பினாள். “மூவாயிரத்து ஐந்நூறு. மிச்சத்தை வச்சு அடி வேலையைப் பார்த்துக்கறேன். ஓடின கிலோமீட்டரைப் பத்திரத்துல உங்க கையாலயே எழுதிக் குடுங்க.”

கனிகே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஷார்ஷென் கையமர்த்தினார். அக்மதாலி தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து, கரும்பலகையில் எழுதுகிற அதே நிதானத்தோடு ஆறு இலக்கங்களையும் எழுதினார்.

ஜூரா செல்போனைக் காதில் வைத்துக்கொண்டாள். மறுமுனையில் துரட் என்ன கேட்டானோ, அவள் களைப்போடு சிரித்தாள்.

“கிடைச்சுடுச்சு. இல்லங்க, பழசுதான். ஆனா எவ்வளவு பழசுன்னு தெரியும்.”