பதினோராம் மாடித் தங்கக் காது

நூறு வருடத்துக்கு ஒரு முறைதான் தங்கக் காது படைத்த மனிதன் இந்தப் பூமியில் பிறக்கிறான்.

இந்த நூற்றாண்டுக்கு உரியவர், இஞ்சியோன் நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினோராவது மாடியில், சால்டரிங் கம்பியில் சுட்டுக்கொண்ட கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தார்.

தக் பியோங்-மு. குடியிருப்போர் சங்கத்துச் சேர்மன்.

வெள்ளிக் கம்பியில் வரும் பாட்டுக்கும் செம்புக் கம்பியில் வரும் பாட்டுக்கும் வித்தியாசம் சொல்லிவிடுவார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார்.

எல்லா வீட்டுக் கூடத்திலும், கூரையில், நிர்வாக அலுவலகத்தின் அறிவிப்பு ஸ்பீக்கர் ஒன்று உண்டு. அந்தத் தகரக் குரலை அவர் காது தாங்கவில்லை. அதன் கம்பியிலிருந்து ஒரு கிளையைத் தன் அறைக்கு இழுத்து, ஆம்ப்ளிஃபயரின் முதுகில் இரண்டு துளை போட்டுவிட்டார். ஒன்று, அறிவிப்பு உள்ளே வர. இன்னொன்று, சேர்மனின் குரல் மைக் வழியே எல்லா வீட்டுக்கும் போக.

கதவு சாத்தியிருந்தது. சுவரெல்லாம் பஞ்சு. மேஜையில் காலிக் கிண்ணம். கீழே மகளிர் மன்றம் காய்ச்சிய முள்ளங்கிச் சூப்பை மனைவி மால்சூன் வாங்கி வந்து வைத்திருந்தாள்.

கிளைக் கம்பியை முதல் துளையில் செருகினார். ஒலியைக் கூட்டினார்.

கர்ர்ர்...

பிறகு ஒரு பெண் குரல். தணிந்த குரல்.

"கலந்துட்டேன்டி... சூப்புலதான். மாத்திரையப் பொடியாக்கி."

தக்கின் கை நின்றது.

"சேர்மன் ஒரு சொட்டு விடல. வழிச்சுக் குடிச்சாரு... ம்ஹூம், சந்தேகமே வரல."

குரல் சிரித்தது.

கிண்ணத்தைப் பார்த்தார். அடியில் வெள்ளையாக ஏதோ...

நாக்கு மரத்தது.

கார் நிறுத்துமிடத்தில் மிளகாய் காயப்போடக் கூடாது என்று போன வாரம்தான் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். மகளிர் மன்றமே பல்லைக் கடித்தது. அதற்காகக் கொலையா?

இரண்டாவது துளையில் மைக்கைச் செருகினார்.

"எல்லாரும் கவனிங்க... நான் சேர்மன். எனக்கு விஷம் வெச்சுட்டாங்க. மகளிர் மன்றத்துச் சூப்புல. யாரும் குடிக்காதீங்க..."

மூச்சு வாங்கியது.

"அவ குரல நான் கேட்டேன். என் காது பொய் சொல்லாது. வயசு முப்பத்தஞ்சுக்குள்ள. புசான் பக்கத்துக்காரி. சிகரெட் பிடிக்கிறவ. இதுக்கு முன்னாடியும் கொலை பண்ணின குரல்..."

வெளியே தடதடவென்று காலடிகள்.

கதவு அதிர்ந்தது.

சால்டரிங் கம்பியைக் கத்தி மாதிரி பிடித்துக்கொண்டார்.

"யாரு... யாரது?"

"காவலாளி போங், சார். உயிரோட இருக்கீங்களா?"

திறந்தார். போங்குக்குப் பின்னால் கரண்டியோடு மன்றத் தலைவி சியோன். அவளுக்கும் பின்னால், கையில் ஃபோனோடு மால்சூன்.

"கீழ பாதிப் பேரு தொண்டையில விரல விட்டு வாந்தி எடுத்துட்டிருக்காங்க, சார்," என்றார் போங்.

"என் சூப்புல விஷமா?" கரண்டியை நீட்டினாள் சியோன். "அந்த முப்பத்தஞ்சு வயசுக்காரி யாரு? காட்டுங்க."

"ஏங்க..." மால்சூன் வெளிறிப்போயிருந்தாள். "அது வயித்துப் பூச்சி மாத்திரைங்க."

"என்னது?"

"குளிர் வர்றதுக்கு முன்னாடி ஊரே போடுது. நீங்கதான் 'சேர்மன் வயித்துல பூச்சியா'ன்னு வருஷா வருஷம் குதிக்கிறீங்க. அதான் உங்க கிண்ணத்துல மட்டும் கலந்தேன். கூடத்துல நின்னு தங்கச்சிகிட்ட ஃபோன்ல சொல்லிட்டிருந்தேன்."

தக் மெல்ல நிமிர்ந்து கூடத்துக் கூரையைப் பார்த்தார். ஸ்பீக்கரைக் கழற்றாமல் கிளைக் கம்பி இழுத்தால், வாய் காதாகவும், ஸ்பீக்கர் மைக்காகவும் வேலை செய்யும். கூடத்தில் பேசியதெல்லாம் உள்ளே வந்திருக்கிறது.

"அப்போ... அந்தக் குரல்..."

"வாழ்த்துக்கள் அக்கா," என்றாள் சியோன். "இருபத்தாறு வயசு குறைஞ்சுட்டீங்க."

"சார்," போங் கிசுகிசுத்தார். "மைக்கு... இன்னும் ஓடுது."

மால்சூனுக்கு வயது அறுபத்தொன்று. இஞ்சியோனிலேயே பிறந்தவள். சிகரெட்டைத் தொட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து தினமும் அவரோடு பேசி வருகிறாள்.