நாற்பது வரை

வெயிலூசி போட்டு ஒரு மணி நேரம் ஆனவர்கள், சட்டையின் இடது கையை மடித்துவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். காணிக்கைமேரி வெப்பப்படக் கருவியை ஒவ்வொரு தோளுக்கும் நேராகப் பிடித்தாள். திரை அவள் பக்கம் மட்டும். ஊசி குத்திய இடம் பச்சை என்றால் ஒரு மாத அனுமதி. அந்த ஊசி இல்லாமல் தூத்துக்குடியின் பகலில் யாரும் உயிரோடு நடமாட முடியாது.

சிவப்பு என்றால் உடம்பு மருந்தை ஏற்கவில்லை. இனி ஊசி கிடையாது. அன்றைக்கே மலைமேல் குளிர்முகாமுக்கு லாரி. குடும்பம் கூடப் போக முடியாது. போனவர் திரும்பி வந்ததும் இல்லை.

நீலம் அபூர்வம். தோலுக்கடியில் தசை செத்துவிட்டது என்று பொருள். செத்த தசையில் சூடு இருக்காது. பக்கத்து அறையில் கையை எடுப்பார்கள். அப்புறம் அதே லாரி.

"எக்கா, நல்லாப் பாத்துச் சொல்லு. பச்சைதான?" உப்பளத்துப் பொன்வேல் கேட்டான்.

"பச்சைதாம்ல. உன் மூஞ்சிதான் செவப்பு. போ."

வரிசை சிரித்தது. சிரிப்பு அடுத்த ஆள் வரும்வரைதான் நிற்கும்.

ஆறு மாதத்துக்கு முன், இதே வரிசையில் நிற்கப்போன கணவன் சவரிமுத்துவின் தோளை அவள் தற்செயலாகத் தொட்டாள். கொதித்தது. மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு ஐஸைத் துணியில் சுற்றி அவன் கையில் திணித்துக் கழிப்பறைக்கு அனுப்பினாள்.

"நாப்பது வரைக்கும் எண்ணுங்க. அதுக்கு மேல வச்சா நீலமாத் தெரியும்."

பச்சை வந்தது. அதிலிருந்து மாதாமாதம் அவன் சோற்றுத் தூக்கின் அடித்தட்டில் ஐஸ் இருந்தது.

"எரியுதுட்டி," என்று வீட்டில் ஒருமுறை சொன்னான். "இது நல்லதுக்கில்லையோ?"

"பழகிரும்," என்றாள். "மலைக்குப் போகணுமா உங்களுக்கு?"

அப்புறம் அவன் கேட்கவில்லை.

இன்று அவன் முறை வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. குனிந்து காதருகே சொன்னான்:

"ஏட்டி, இன்னைக்கு ஐஸே வைக்கல. சூடு இல்ல, எரிச்சல் இல்ல. ஊசி குத்துனதே தெரியல. நீ சொன்ன மாதிரிப் பழகிட்டு."

அவள் கருவியைத் தூக்கினாள். உள்ளங்கை அகலத்துக்கு நீலம். நடுவே கறுப்பு.

மறுபடியும் எடுத்தாள். அதே நீலம்.

விரலால் அந்த இடத்தை அழுத்தினாள். நகம் பதிய அழுத்தினாள்.

"வலிக்கா?"

"தொட்டுட்டியா?" என்றான் அவன்.

பச்சை என்று சொல்லிவிடலாம். ஒரு வாரத்தில் அழுகல் நெஞ்சுக்கு இறங்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆறு மாதமும் அந்தச் சிவப்பு அவளிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவள்தான் அதன் வாயில் ஐஸை வைத்து அடைத்தாள்.

மேசைக்கடியில் இருந்த பொத்தானை அழுத்தினாள்.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. இரண்டு பேர் தள்ளுகட்டிலோடு வந்தார்கள். வரிசை சட்டென்று அடங்கியது. சவரிமுத்து அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினான். பின்னால் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"ஐயோ பாவம்," என்றான் தணிந்த குரலில். "யாருக்குட்டி?"