சத்தத்தைக் கூட்டியவள்

உள்சுவரோரம் நின்றால் போக்சுனின் கைப்பேசியில் வானொலி கரகரவென்றுதான் இரையும். காதில் மாட்டும் ஒயர்தான் அதற்கு ஏரியல். அதைச் சன்னல் பக்கம் கொண்டுபோனால்தான் பாட்டு எடுபடும். இன்று சாயங்காலம் சலவைக்கடையின் உள்மூலையில், அக்கா கில்ரே செத்துப்போன அறையின் கதவோரம் நின்றுதான் அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இருந்தும் பாட்டு துல்லியமாகக் கேட்டது. பாடுகிறவள் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது.

நீராவியும் ஈரக் கம்பளி வாடையுமாகக் கடை புழுங்கியது. அதற்கடியில் புளித்த கஞ்சி வாடை. எத்தனை முறை துடைத்தாலும் போகவில்லை.

எதிர்க்கடை யோன்ஜு கண்ணாடிக் கதவைத் தள்ளித் தலையை நீட்டினாள்.

"என்னக்கா, இன்னைக்கும் ரேடியோவுக்கு எழுதிப் போட்டியா? போன தடவை பரிசா குக்கர் அடிச்ச. இந்தத் தடவை ஃபிரிட்ஜா?"

"போடி, வேலையைப் பாரு."

"சும்மா சொன்னேன்க்கா. கூடப்பொறந்தவளை உன்னை மாதிரி யாரு பார்த்துப்பா? கேட்டு அழுதுட்டேன், தெரியுமா!"

அவள் போய்விட்டாள். போக்சுன் இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்தாள்.

என்னத்தைப் பார்த்துக்கொண்டாள்? 'அக்காவுக்குத் தினமும் என் கையாலேயே சிப்பிக் கஞ்சி ஊட்டுகிறேன்' என்று குறுஞ்செய்தி அனுப்பியதே பரிசுக்காகத்தான். அறிவிப்பாளர் அதை வாசித்துக்கொண்டிருந்தபோது, இந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து கில்ரே கூப்பிட்டாள். "போக்சுன்... மூச்சு முட்டுதுடி..." கேட்டது. நன்றாகவே கேட்டது. போக்சுன் வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள். பரிசை அறிவித்த பிறகு கதவைத் திறந்தபோது, அக்காவின் கை கதவை நோக்கி நீண்டபடி கிடந்தது. பாவி, சண்டாளி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாளே தவிர, யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

பாட்டு முடிந்தது.

"அடுத்ததா, நாலு ஆறு ஒன்பது ஏழு நேயர் எழுதியிருக்காங்க."

அந்த நிகழ்ச்சியில் நேயர்களுக்குப் பெயர் கிடையாது. கைப்பேசி எண்ணின் கடைசி நாலு இலக்கம்தான் பெயர். இது கில்ரேயின் எண். போக்சுனே போய் ரத்து செய்துவிட்டு வந்த எண்.

"'என் தங்கச்சி எனக்குக் கஞ்சி ஊட்டினதா ஊருக்கே சொன்னா. பாவம், அவளும் சரியா சாப்பிடறதில்லை. இன்னைக்கு நான் ஊட்டப்போறேன்.' அடடா, என்ன பாசம் பாருங்க!"

ஒயரைப் பிடுங்கினாள். ஏரியல் போய்விட்டது. குரல் போகவில்லை. கைப்பேசியே பேசியது.

"'கதவு கொஞ்சம் இறுகியிருந்துச்சு. திறந்துட்டேன்.'"

பின்னால் கீல் முனகியது.

குளிர்ந்த விரல்கள் அவள் தாடையைப் பற்றின. வாயைத் திறந்தன.

"அக்கா... மன்னிச்சிரு... நீ கூப்பிட்டது கேட்டுச்சு..."

கரண்டி பல்லில் இடித்தது. புளிப்பு. கொழகொழவென்று. இன்னொரு கரண்டி. விழுங்குவதற்குள் இன்னொன்று. மூச்சு முட்டியது.

"யோன்ஜு!"

சந்துக்கு எதிரே, விளக்கு வெளிச்சத்தில் யோன்ஜு முளைப்பயறு ஆய்ந்துகொண்டிருந்தாள். இரண்டு காதிலும் ஒயர். கண் கலங்கியிருந்தது. உதட்டில் சிரிப்பு.

"யோன்..."

எங்கோ ஏதோ சத்தம் கேட்டதுபோல் யோன்ஜு முகத்தைச் சுளித்தாள். பிறகு, வானொலியில் அந்த நேயரின் கதை ஒரு சொல்கூட விட்டுப்போகக் கூடாதென்று, கட்டைவிரலால் சத்தத்தைக் கூட்டிக்கொண்டாள்.