ஏழாம் படுக்கைக்கு அனுப்பப்படுகிறது

மதியம் மூன்று மணிக்கு இலொய்லோ நகரின் அந்தப் பழைய மருத்துவமனைக்குப் போனேன். பெண்கள் வார்டில் பினாயிலும் ஆறிப்போன பூண்டுச் சோறும் கலந்து மணத்தன. ரத்த வங்கிக்குக் கோரிக்கை அனுப்பும், போன் அளவே இருந்த வார்டுக் கருவியை நர்ஸ் மாரிவிக் என்னிடம் நீட்டினார். நான்கு மணிக்கு அவர்மீது விசாரணை. அவர் ரத்தம் கேட்கத் தவறியதால்தான் ஏழாம் படுக்கைக்காரி இறந்தாள் என்று குற்றச்சாட்டு.

"நான் கேட்டேன் சார். 'அனுப்பியாச்சு'ன்னு இதுதான் காட்டுச்சு. உள்ள பதிவு இருக்கும்ல? எடுத்துக் குடுங்க, இல்லன்னா என் வேலையே போயிடும்."

"பாக்கறேன் மேம்."

பார்க்க என்ன இருக்கிறது? அதன் மென்பொருளில் பிழைச் செய்திகளை எழுதியவனே நான்தான். சிவப்பு எழுத்தைக் கண்டாலே நர்சுகள் பயந்துபோய் எங்களுக்குப் போன் போடுகிறார்கள் என்று முதலாளி எரிந்து விழுந்தார். நானும் ஒரு குறுக்குவழி செய்தேன். இணைப்பு அறுந்தாலும் பச்சைக் கோடு எட்டு நொடியில் நிறைந்து 'அனுப்பியாச்சு' என்று காட்டும். கோரிக்கை எங்கும் போயிருக்காது. வெட்கக்கேடு. இப்போது நான் வந்திருந்ததும் அந்தப் பதிவை அழிக்கத்தான்.

மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். கோடு ஊர்ந்து ஊர்ந்து தொண்ணூறு சதவீதத்தில் நின்றது.

'ஏழாம் படுக்கை காத்திருக்கிறது.'

இப்படி ஒரு செய்தியை நான் எழுதவே இல்லை.

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரன் ஜோவென்மீது சந்தேகம் வந்தது. போன் போட்டேன்.

"டேய், செய்தியில கை வச்சியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? பேய் எழுதியிருக்கும். ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வா."

சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. என்னை மாட்டிவிடப் பார்க்கிறானோ? பேட்டரியை உருவினேன்.

திரை அணையவில்லை.

'காத்திருக்கிறேன்.'

ஈர இரும்பு வாடை அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மெல்ல மூச்சு வாங்கினார்கள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். ஏழாம் படுக்கை காலியாகத்தான் இருந்தது.

வாசலில் மாரிவிக் நின்றார். "கிடைச்சுதா சார்?"

"இல்ல மேம். எதுவும் பதிவாகல."

"அப்ப பேட்டரியை ஏன் சார் கழட்டினீங்க?"

விசாரணையிலும் அதே பொய்யைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்முன் விசாரித்த ஐந்து மருத்துவர்களின் போன்களும் மேசைமேல் ஒன்றாக அதிர்ந்தன. அறுந்த இணைப்பு, போகாத கோரிக்கை, குறுக்குவழி எழுதியவன் பெயர் என்று முழுப் பதிவும் வந்திருந்தது. அனுப்பியவர் என்ற இடத்தில் 'படுக்கை 7' என்றிருந்தது.

மாரிவிக் தப்பினார். என் வேலை போனது. போகட்டும், போக வேண்டியதுதான்.

போன வாரம் அவரே கூப்பிட்டார்.

"சார், அந்தப் படுக்கையில நாங்க யாரையும் போடறதில்ல. ஆனா தினமும் அங்கேர்ந்து ரத்தம் கேட்டுக் கோரிக்கை வருது. உங்க பழைய கம்பெனி ஆளுங்க வந்து எல்லாத்தையும் சரி பாத்துட்டாங்க. நிக்கல."

"அனுப்பாதீங்க மேம்."

அவர் குரல் கிசுகிசுப்பாகத் தாழ்ந்தது.

"நேத்து பொறுக்க முடியாம ஒரு ரத்தப் பை கொண்டுபோய் வச்சேன். திரும்பி வந்து பாக்கறேன்... பை காலி சார்."