உள்வாங்கிய கண்கள்

காலையில் அவளே பசை வைத்து ஒட்டிய கண்ணாடிக் கண்கள் இரண்டும் உள்வாங்கியிருந்தன.

டீ வாங்கிக்கொண்டு திரும்பியவள் பட்டறை வாசலிலேயே நின்று தவளையைப் பார்த்தாள். அருங்காட்சியகத்துக்காக அவளும் கணவனும் மாதக்கணக்கில் மாரடித்த உருவம் அது. டைனோசர் காலத்துத் தவளை. நிஜத்தில் ஒரு பூசணிக்காய் அளவுதான் இருந்திருக்கும். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று வேன் அளவுக்குச் செய்யச் சொல்லியிருந்தார்கள். அதன் வாய்க்கு எதிரே நிறுத்த ஒரு டைனோசர் குஞ்சையும் கணவன் செய்திருந்தான். குஞ்சுகளை அப்படியே விழுங்குமாம்.

"பாவம், இதோட அம்மா எங்க போயிருந்துச்சோ" என்று குஞ்சைச் செய்து முடித்த அன்று விளையாட்டாகக் கேட்டுவிட்டு அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். போன மழைக்காலத்தில் அவர்களுடைய நாலு வயதுப் பெண் குளத்தில் மூழ்கி இறந்தபோது இவள் கடைக்குப் போயிருந்தாள். அந்தக் கேள்விக்குப் பிறகு இருவரும் வேலையைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.

"பசை வித்தவனை உதைக்கணும்" என்று முணுமுணுத்தபடி உள்ளே வந்தாள். தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது; பெயின்ட் வாசனைக்கு அடியிலிருந்து, பாசியும் சேறும் கலந்த குளத்து வாடை மெல்ல எழுந்து வந்து மூக்கில் ஏறியது. அந்த வாடை அவளுக்கு இந்த ஜென்மத்தில் மறக்காது.

தவளைக்கு மென்று தின்னத் தெரியாது; கண்களை உள்ளே அழுத்தித்தான் இரையைத் தொண்டைக்குள் தள்ளும் என்று அருங்காட்சியகத்து ஆராய்ச்சிக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. குஞ்சு தன் இடத்திலேயே நின்றது. கணவனின் செருப்பு கிடந்தது. அவனைத்தான் காணோம்.

"என்னங்க?"

தவளையின் வயிற்றுக்குள்ளிருந்து, போர்வைக்குள் பேசுவது போலப் பதில் வந்தது.

"சத்தம் போடாதம்மா. பாப்பா இப்பத்தான் தூங்கறா."

டீ கை தவறிக் கொட்டியது.

"வெளிய வந்துடுங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"இவளைத் தனியா விட்டுட்டு எப்படிம்மா வர்றது?"

குரல் இன்னும் ஆழத்துக்குப் போயிருந்தது. கண்கள் இன்னும் கொஞ்சம் இறங்கின.

இவனையும் பறிகொடுக்க அவளிடம் தெம்பில்லை. தவளையிடம் ஓடினாள். நேற்று அவள் தீட்டிய உதடு. நேற்று கெட்டி. இன்று கொழகொழத்தது. இடுக்கில் கையை விட்டாள். முழங்கை வரை. ஈரம். சூடு. தடவினாள்.

"கையைக் குடுங்க. ஐயோ, கையைக் குடுங்க!"

ஏதோ தொட்டது.

அவளுடைய ஒற்றை விரலைப் பற்றியது.

ரோடு தாண்டும்போது பற்றுவது போல. இறுக்கமாக. சின்னக் கை.

அவள் உதறவில்லை. உதற மனம் வரவில்லை. "அம்மா வந்துட்டேன்" என்றாள்.

உதடு அவள் தோளைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தது.