பூட்டிய அறையின் காற்று

நான்கு நாளாகப் பூட்டிக் கிடந்த அறை அது. ஆனால் சுவரில் இருந்த சின்ன மீட்டர் ஆயிரத்து நூறு என்று காட்டியது. ஆட்கள் விடும் மூச்சிலிருந்து அறையில் சேரும் கரியமில வாயுவை அளக்கிற மீட்டர். ஆளில்லாத அறையில் நானூற்றுச் சொச்சத்தைத் தாண்டாது. அக்கா அதை இரண்டு தட்டு தட்டினாள். ஆயிரத்து நூற்றிரண்டு.

ஆய்வுக்கூடத்தின் அந்தத் தளத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். எங்கோ தூரத்து நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களின் காற்றை எட்டு வருடமாக ஆராய்கிறவள். அந்தக் காற்றுக்குள் புகுந்து வரும் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்து, இன்ன வாயு இருக்கிறது, ஏதோ ஒன்று விடாமல் அதை வெளியே விட்டுக்கொண்டிருந்தால்தான் இவ்வளவு நிற்கும் என்று கண்டுசொல்கிற வேலை. முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு மூன்று வருட ஆய்வுப் பணி ஒன்று வந்தது. ஒரே ஒரு இடம். தனக்குத்தான் என்று இருந்தாள். புரொபசர் அதை வாண்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். வாண்டு! கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலைத் திறப்பது முதல் அக்காதான் சொல்லிக்கொடுத்த பெண். கதவில் கண்ணாடி பதித்த இந்தத் தனி அறையும், முதுகு சாயும் நாற்காலியும் இப்போது அவளுக்கு. அக்காவுக்கோ இரண்டு மாதத்தில் வேலை முடிகிறது. வாழ்த்துச் சொன்ன அன்று சிரித்துத்தான் சொன்னாள். உள்ளே வயிறு பற்றி எரிந்தது. இன்னும் அணையவில்லை.

"அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்க்கா, ஊருக்குப் போறேன். ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வந்து என் கம்ப்யூட்டர்ல ஒரு என்டர் மட்டும் தட்டிடுங்க. பத்து நிமிஷத்துல தட்டலேன்னா ரெண்டு மாசக் கணக்கு அழிஞ்சிடும். திங்கட்கிழமை அதைக் காட்டலேன்னா என் வேலை போயிடும். உங்களை விட்டா யாருக்கா எனக்கு?" என்று சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போயிருந்தாள் வாண்டு.

இந்த நான்கு நாளில் அக்கா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் படுத்தபடி இந்த நாற்காலியையே நினைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

சாவியை மேஜையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது. திரைக்கு மேலே காமிராவின் பச்சைப் புள்ளி எரிந்தது. மூன்று மணிக்குத் திரையில் கேள்வி வந்தது: தொடரலாமா? ஒரு விரல் போதும். தட்டாமல் விட்டு, மெஷின் நின்றுபோயிருந்தது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? அந்த இடம் காலியாகும். அக்கா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

விடுமுறை நாள் என்பதால் ஏசி ஓடவில்லை. போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திப் படுத்தால் வருகிற புளித்த வெக்கை அறை முழுவதும் நிறைந்திருந்தது. அந்த வெக்கைக்குள், அவள் மூச்சை இழுக்கும்போது இழுத்து, விடும்போது விட்டு, ஒரு நூலிழை மட்டும் பிந்தி, இன்னொரு மூச்சு கேட்டது. அக்கா மூச்சைப் பிடித்தாள். அது நிற்கவில்லை. மீட்டரில் ஆயிரத்து நானூறு. யாருமில்லை. ஆயிரத்து ஐந்நூறு. சத்தம் பின்னாலிருந்து வரவில்லை. நாற்காலியிலிருந்து வந்தது. அவளுக்கு அடியிலிருந்து.

எழுந்து வெளியே ஓடினாள். கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே.

போன் அடித்தது. வாண்டு.

"அக்கா, மணி மூணு எட்டு. தட்டுங்கக்கா."

"நான் வெளிய நிக்கிறேன்டி. சாவி உள்ள மாட்டிக்கிச்சு."

"விளையாடாதீங்க. போன்ல காமிரா வழியா தெரியறீங்களே. பாக்கத்தான் முடியும், இங்கேருந்து தட்ட முடியாது. நாலு நாளா எப்பப் பாத்தாலும் அங்கயேதான் உக்காந்திருக்கீங்க. எனக்காக வீட்டுக்குக்கூடப் போகாம கிடக்கறாங்கன்னு அம்மாகிட்ட சொல்லிச் சொல்லி அழுதேன்." குரல் உடைந்தது. "ஏன்க்கா கையை மடியில வெச்சிட்டு சும்மா பாக்கறீங்க? எதுக்குச் சிரிக்கறீங்க?"

"வாண்டு, அது நான் இல்ல. கதவை யாராவது திறக்கச் சொல்லு. நான் தட்டிடறேன். சத்தியமா தட்டிடறேன்."

"எங்க எழுந்து போறீங்க? கதவுகிட்ட எதுக்கு? அக்கா, இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கு!"

கதவின் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு வட்டம் படர்ந்தது. உள்பக்கம். சரியாக அக்காவின் வாய் உயரத்தில். மறைந்தது. மறுபடி படர்ந்தது.

அக்கா கிட்டே போனாள். இந்தப் பக்கத்திலிருந்து வாயைத் திறந்து ஊதினாள்.

கண்ணாடி அப்படியே பளிச்சென்று இருந்தது.

இன்னும் பலமாக ஊதினாள். ஒன்றுமில்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். ஏறவில்லை. இறங்கவில்லை.

உள்பக்கம் மட்டும், நிதானமாக, கண்ணாடி மங்கிக்கொண்டே வந்தது.