வெளிச்சம் விழாத பக்கம்

யாரும் துடைக்காத கண்ணாடியை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள்.

அவர் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி கோபுரத்து உச்சியின் வெளித்தளத்தில் நின்று அதையே பார்த்தார். கலங்கரை விளக்கத்தில் வேலை என்றதும், கடலைப் பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவரும் அப்படி நினைத்துத்தான் வந்து மாட்டிக்கொண்டார். உண்மையில் இது கண்ணாடி துடைக்கும் உத்தியோகம். இரவெல்லாம் காற்று உப்பைக் கொண்டுவந்து அப்பும். காலையில் அவர் மேலிருந்து கீழாக இழுத்துத் துடைப்பார். மறுநாள் மறுபடி அப்பும். யாருக்கு முதலில் அலுக்கும் என்ற போட்டியில் காற்றுதான் ஜெயித்துக்கொண்டிருந்தது. ஆனால் கரைப் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் அவர் தொடுவதேயில்லை. அதன் உட்புறத்தில் கறுப்பு இரும்புத் தகடு மாட்டியிருக்கும்; வெளிச்சமே போகாத கண்ணாடியைத் துடைத்து யாருக்கு என்ன லாபம்? வருஷக்கணக்கில் உப்பேறி அது சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

இன்று அதன் நடுவில் ஒரு வட்டம். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, பளிச்சென்று. அதில் அவர் முகம் தெரிந்தது. பாதிப் பயம் அதனால்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

"பறவை உரசியிருக்கும்," என்றார், சத்தமாகவே. எந்தப் பறவை வட்டம் வட்டமாகத் துடைக்கும் என்று திருப்பிக் கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை. கேட்டிருக்கக்கூடியவளும், அப்படி வட்டம் வட்டமாகத் துடைக்கிறவளும் ஒருத்திதான், அவர் மனைவி. மழைக்காலம் தொடங்கிய வாரத்தில், கோபுரத்துக்குப் பின்னால், கரைப் பக்கத்துச் சரிவில், அவரே குழி வெட்டி அவளைப் புதைத்திருந்தார்.

அந்தச் சரிவில்தான் வீடும் இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, துவைக்கிற கல். வீட்டைத் தாண்டினால் ஒரு சின்ன வளைகுடா. பார்க்கச் சாதுவான தண்ணீர். அடியில் வாய் நிறையப் பல் மாதிரி பாறை. தகடு மாட்டியிருப்பது அதற்காகத்தான். விளக்கு கண்ணுக்குத் தெரிகிற வரை படகுக்குக் கீழே ஆழம் இருக்கிறது. விளக்கு மறைந்துபோனால் பாறைப் பக்கம் வந்துவிட்டாய், திரும்பு. இந்தக் கடலில் படகு ஓட்டுகிற எவருக்கும் முதல் பாடம் அதுதான். ஆகவே பாறைகள் இருட்டில் இருந்தாக வேண்டும். பாறைகளோடு சேர்ந்து வீடும்.

அவளுக்கு இருட்டென்றாலே ஆகாது. கல்யாணமாகி வந்த அன்றைக்கே கேட்டுவிட்டாள்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் வெளிச்சம் காட்டுறீங்க. சொந்த வாசல்ல இப்படிக் கும்மிருட்டா வெச்சிருக்கீங்களே, என்னங்க இது?"

"டார்ச் வாங்கித் தர்றேன்."

"ஒண்ணும் வேணாம். நீங்களே போதும். ஒல்லியா, உசரமா, உச்சியில மட்டும் மின்னிக்கிட்டு. லாந்தர்னு பேரு வெச்சிருக்கலாம்."

அன்றிலிருந்து அவர் லாந்தர். சாமான் கொண்டுவரும் படகுக்காரனுக்கும் 'லாந்தர் அண்ணன்' என்றால்தான் தெரியும். முடி கொட்டக் கொட்டப் பெயர் இன்னும் பொருத்தமாகிக்கொண்டே வந்தது என்பதை அவர் ஒப்புக்கொண்டிருந்தார்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது கடல் பொங்கிக்கொண்டிருந்தது. டாக்டரை ஏற்றிக்கொண்டு ஒரு படகும் கிளம்ப முடியவில்லை. தலைமாட்டில் சின்ன விளக்கு ஒன்றை அணையாமல் பார்த்துக்கொண்டதுதான் அவர் செய்ய முடிந்த வைத்தியம். அவளுடைய நீலக் கம்பளிப் போர்வையைச் சுற்றியே குழியில் இறக்கினார். மண் போட்டு முடித்துவிட்டு, மேலே ஏறிப் போய், வழக்கம்போல விளக்கை ஏற்றினார். வெளிச்சம் கடல் முழுக்கப் போனது. அவள் இருந்த பக்கம் மட்டும் போகவில்லை.

நகரத்தில் நர்ஸாக இருக்கும் மகளும் அப்போது வர முடியவில்லை. நாளைக் காலை வருகிறாள். இந்தப் பூமியில் இனி அவருக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான். அவளுக்காக வீட்டைப் பெருக்கினார். கண்ணாடி துடைக்கிற பழக்கத்தில் சமையலறை ஜன்னலையும் துடைத்தார். முகம் மழித்தபோது, அம்மா இல்லாத வீட்டுக்கு வரும் பெண்ணிடம் முதலில் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்து, இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார்.

மத்தியானத்திலிருந்து காற்று மாறியது. இன்று எந்தப் படகும் இறங்க வேண்டாம் என்று துறைமுகத்தில் இருந்து வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். நாளைக்கு அடங்கிவிடுமாம்.

பொழுது சாயும் நேரத்துக்கு விளக்கறைக்குப் போனார். கீழே கோபுரத்தின் அடியறையில் இருந்த வயர்லெஸ்ஸை, மேலே கேட்கும்படி சத்தம் கூட்டி வைத்துவிட்டுத்தான் ஏறினார். விளக்குக்கும் கீழேதான் சுவிட்ச். அதைப் போட்டுவிட்டு வந்திருந்தார். அவர் மேலே வந்து சேர்வதற்குள், விளக்கைச் சூழ்ந்த ஆள் உயரக் கண்ணாடிக் கூண்டு மெல்ல உறுமியபடி சுற்றத் தொடங்கியிருந்தது. சூடேறிய எண்ணெயும் தூசியும் கலந்த அந்தப் பழகிய வாசனை, பித்தளையின் மணம், சுவரில் நீந்திப் போகும் தன் நிழல், காற்று கோபுரத்தை உரசும்போது படிக்கட்டுக் குழியிலிருந்து யாரோ பாட்டிலின் வாயில் ஊதுவது போல எழும் நீண்ட ஓசை, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அதற்கு நடுவில், இருக்கக் கூடாத ஒன்றும் இருந்தது. தைல வாசனை. காய்ச்சல் நாட்களில் அவள் நெற்றியில் அவர் தடவிய அதே தைலம்.

தன் கையை முகர்ந்து பார்த்தார். கையில் சோப்புதான் மணத்தது.

அப்புறம் அந்தச் சத்தம். கரைப் பக்கத்துத் தகட்டுக்கு அந்தப் புறம். ஈரத்துணி கண்ணாடியில் தேய்கிற சத்தம். கிறீச். ஒரு வட்டம். நின்றது. மறுபடி, கிறீச். இன்னொரு வட்டம்.

வெளித்தளத்துக்குப் போகும் கதவை உள்ளேயிருந்து அவரே தாழிட்டிருந்தார். தாழ் போட்டபடியே இருந்தது.

"யாரு?" என்றார். குரல் வெளியே வந்ததே பெரிய விஷயம். "யாரா இருந்தாலும், மீதிக் கண்ணாடியையும் துடைச்சிட்டுப் போங்க. புண்ணியமாப் போகும்."

தேய்ப்பது நின்றது. காற்றும் ஒரு கணம் மூச்சை அடக்கியது போலிருந்தது.

"என்னங்க."

தகட்டை ஒட்டி, மிக அருகில். காய்ச்சலில் கரகரத்த அதே குரல்.

"ரொம்ப இருட்டா இருக்குங்க."

பயந்திருக்க வேண்டும். பயந்தார்தான். ஆனால் பயம் வந்து சேர்வதற்கு முன்பே வேறொன்று வந்துவிட்டது. அவர் தகட்டில் நெற்றியை முட்டிக்கொண்டு, கல்யாணமானதிலிருந்து அவளுக்கு முன்னால் ஒரு தடவைகூட அழாத மனுஷர், சின்னப் பிள்ளை போல ஏங்கி ஏங்கி அழுதார்.

இன்று ஒரு படகும் கிடையாது. இந்த ஒரு ராத்திரி மட்டும் தகட்டைக் கழற்றினால் என்ன? விடிவதற்குள் திரும்ப மாட்டிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? விளக்குக்காரனைத் தவிர வேறு யாருக்கும் தோன்றாத யோசனை அது.

திருகுகள் துருவேறிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் கெஞ்சிக் கெஞ்சித்தான் கழற்றினார். தகடு நினைத்ததைவிடக் கனம். மார்போடு அணைத்து இறக்கிச் சுவரில் சாய்த்தார். கண்ணாடிக்கு வெளியே யாரும் இல்லை. ஆனால் உப்பு இல்லை. மூலை முடுக்கு விடாமல் முழுக்கத் துடைத்திருந்தது.

வெளிச்சம் முதன்முதலாக அந்தப் பக்கம் போனது.

வீட்டுக் கூரை. துவைக்கிற கல். கொடிக்கயிறு. வெளிச்சம் பட்டதும் அவை எல்லாம் கல்யாண வீடு மாதிரி ஜொலித்தன. அடுத்து சரிவு. அடுத்து அவர் மண் குவித்த மேடு.

மேடு இல்லை. அந்த இடத்தில் பள்ளம் இருந்தது.

வெளிச்சம் கடந்து போனது. அவர் காத்திருந்தார். கூண்டு சுற்றி வந்தது.

கூரை. கல். கயிறு. பள்ளம். பள்ளத்திலிருந்து ஈரமாக ஒரு தடம். வீட்டுப் பக்கம் வரவில்லை. சரிவில் இறங்கிப் போயிற்று.

இருட்டு.

மறுபடி வெளிச்சம். வளைகுடாவின் விளிம்பு. தண்ணீர் தொடும் இடத்தில் நீலப் போர்வை. அவள் நின்றுகொண்டிருந்தாள். வீட்டைப் பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். யாரையோ வரவேற்பது போல.

அப்போதுதான் கீழே வயர்லெஸ் இரைந்தது. படிக்கட்டுக் குழி வழியாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, படகுக்காரனின் குரல்.

"லாந்தர் அண்ணே, கேக்குதா? திட்டாதீங்க. உங்க பொண்ணு காலையிலேர்ந்து கையைப் பிடிச்சுக் கெஞ்சுது, அப்பா தனியா இருப்பாரு, இன்னைக்கே போயிடலாம்னு. மனசு கேக்கலண்ணே. வந்துட்டோம். அலைதான் கொஞ்சம் ஆட்டுது. விளக்கு நல்லாத் தெரியுது, கவலைப்படாதீங்க."

அவர் படியை நோக்கி ஓடினார். நின்றார். இறங்கிப் போய் மைக்கைப் பிடிப்பதற்குள் படகு வளைகுடாவுக்குள் வந்துவிடும். சுவிட்சும் அங்கேதான். தகடு இங்கே இருக்கிறது. தகட்டை மாட்டினால் விளக்கு மறையும். மறைந்தால் திரும்புவான். அவனுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த முதல் பாடம்.

தகட்டைத் தூக்கினார். கால் தள்ளாடியது.

"அப்பா." மகள். அந்தக் காற்றிலும் சிரிப்பு தெரிந்தது. "கரையில நிக்கிறது நீங்கதானே? அம்மா போர்வையைப் போத்திக்கிட்டு. கை காட்டுறீங்களே, தெரியுது, தெரியுது."

"இந்த அலையில துறை எந்தப் பக்கம்னே பிடிபடல, அண்ணே கை காட்டுற பக்கமே விடுறேன்மா," என்றான் படகுக்காரன்.

தகடு கண்ணாடியின் விளிம்பு வரை வந்துவிட்டது. இன்னும் ஒரு தள்ளு. வெளிச்சம் சுற்றி வந்து வளைகுடாவில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். நேராக அவரை. அவர் கையிலிருந்த தகட்டை. இருட்டு வரப்போகிறது என்று தெரிந்தவுடன் எப்போதும் அவள் முகம் மாறுமே, அப்படி மாறியது. உதடு கோணியது. போர்வையைக் கழுத்தோடு இறுக்கிக்கொண்டாள்.

அவர் கை நின்றது.

ஒரு சுற்று. ஒரே ஒரு சுற்றுதான்.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. மரம் முறிகிற ஓசை, அதுவும் காற்றில் பாதி. வயர்லெஸ்ஸில் மகளின் குரல் "அப்" என்றது. பிறகு வெறும் இரைச்சல். மழை மாதிரி. நிற்கவேயில்லை.

அவர் அவளைக் கூப்பிட்டார். மகளைக் கூப்பிட்டார். பிறந்தபோது வைத்த செல்லப் பெயரில் கூப்பிட்டார். கண்ணாடி அவர் மூச்சில் மங்கியது. தகட்டைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு துடைத்தார். மேலிருந்து கீழாக.

வெளிச்சம். தண்ணீர். பலகைகள்.

இருட்டு.

வெளிச்சம். கரையில் இரண்டு பேர்.

அவள் உட்கார்ந்திருந்தாள். மகள் அவளுக்கு முன்னால், முதுகைக் காட்டி. அவள் மகளின் தலைமுடியைச் சேர்த்துப் பிடித்து, முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். சின்ன வயதில் குளிப்பாட்டிய பிறகு பிழிவாளே, அதே மாதிரி. பொறுமையாக. தண்ணீர் கொட்டியது.

இருட்டு.

வெளிச்சம். இன்னும் பிழிந்துகொண்டிருந்தாள். இன்னும் கொட்டியது.

தகடு அவர் தோளில்தான் இருந்தது. மாட்டலாம். மாட்டினால் இதெல்லாம் தெரியாது. தோள் எலும்பு விண்டுபோவது போல் வலித்தது. மாட்டினால் இரண்டு பேரும் இருட்டில் இருப்பார்கள். மகளும் அம்மாவைப் போலத்தான். அவளுக்கும் இருட்டு ஆகாது.

தகட்டைக் கீழே வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

வெளிச்சம். கரையில் யாரும் இல்லை. சரிவில் ஈரத் தடம். இப்போது மேலே ஏறியிருந்தது.

இருட்டு.

வெளிச்சம். வீட்டு வாசல். இருவரும் படியில் நின்றிருந்தார்கள். நீலப் போர்வை இப்போது மகளின் தோளில். கண் கூசாமல், கை மறைக்காமல், விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் பிடிக்க நிற்பவர்கள் போல நின்றார்கள். இரண்டு பேருக்கும் நடுவில், ஒல்லியான ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு, இடம் விட்டிருந்தார்கள்.